கெர்னல் இடைமுகங்களுக்குப் பாதுகாப்பான ரேப்பர் எழுதுவது: பினாங்கு டிரைவர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாயான் லெப்பாஸில் 1972-இல் இண்டெல் தொழிற்சாலை திறந்தது. அப்போதிருந்து பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிப்தான் சோறு போடுகிறது. அம்மாவும் அத்தையும் அசெம்பிளி லைனில் நின்ற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இன்று சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து லினக்ஸ் டிரைவர் எழுதுகிறார்கள். அவர்கள் டீ நேரத்திலும் வாட்சாப் குழுவிலும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் ரேப்பர் பற்றியவை, அதாவது லினக்ஸின் மையமான கெர்னல் தரும் சி ஃபங்ஷன்களைச் சுற்றி ரஸ்ட்டில் எழுதும் உறை பற்றியவை. உங்களுக்குச் சி நன்றாகத் தெரியும், ரஸ்ட் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சி ஃபங்ஷனை ரஸ்ட்டிலிருந்து நேராகவே கூப்பிட முடிகிறதே, நடுவில் ரேப்பர் எதற்கு?

முடியும். பைண்ட்ஜென் என்ற கருவி கெர்னலின் சி ஹெடர்களைப் படித்து, அவற்றுக்கு ஈடான ரஸ்ட் அறிவிப்புகளைத் தானே எழுதித் தரும். ஆனால் அப்படிக் கூப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் அன்சேஃப் (இங்கே பாதுகாப்புக்கு நானே பொறுப்பு என்று கம்பைலரிடம் சொல்லும் சொல்) போட்டாக வேண்டும். காரணம், சி ஃபங்ஷனின் முதல் வரியில் எழுதப்படாத நிபந்தனைகள் நிறைய இருக்கும். இந்த லாக்கைப் பிடித்திருக்க வேண்டும், இந்தப் பாயிண்டர் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும், இதைக் கூப்பிட்ட பிறகு அந்த நினைவகத்தைத் தொடக்கூடாது, இப்படி. சி உலகில் இவற்றை ஒவ்வொரு டிரைவர்காரரும் தலைக்குள் வைத்திருக்கிறார். ஒருவர் மறந்தால் களத்தில் ஓடும் கருவி விழுகிறது.

ரேப்பர் எழுதுபவர் அந்த நிபந்தனைகளை ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை யோசித்து, டைப்களுக்குள் பூட்டி வைக்கிறார். அதன்பின் டிரைவர் எழுதுபவர் மறந்தால் கம்பைலர் அவரை நிறுத்தும். அன்சேஃபை வெறுமனே ஒரு ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்து, வெளியே சேஃப் என்று பெயர்ப்பலகை மாட்டினால் அது ரேப்பர் ஆகாது. அப்படிச் செய்வது சியில் எழுதுவதைவிட மோசம், ஏனென்றால் படிப்பவர் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுவார்.

'பாதுகாப்பானது' என்று எப்போது சொல்லலாம்?

அன்சேஃப் என்ற சொல்லையே தொடாத ஒருவர், எவ்வளவு தாறுமாறாக எழுதினாலும், உங்கள் ரேப்பர் வழியாக நினைவகத்தைக் கெடுக்க முடியாது என்றால் அது பாதுகாப்பானது. 'அப்படி யாரும் எழுத மாட்டார்கள்' என்ற பதில் இங்கே செல்லாது. எழுத முடிந்தால் ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் அடங்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நினைவகக் கசிவு, டெட்லாக், போர்டுக்குத் தப்பான மின்னழுத்தம் கொடுப்பது இவற்றையெல்லாம் ரஸ்ட்டின் வாக்குறுதி தடுக்காது. நல்ல ரேப்பர் இவற்றையும் குறைக்கப் பார்க்கும். ஆனால் ஒன்று கட்டாயம், மற்றது நல்ல வடிவமைப்பு. ரிவியூவில் இரண்டையும் கலந்து பேசினால் விவாதம் முடியவே முடியாது.

அண்ணே, இவ்வளவு மெனக்கெட்டு என்ன பலன்? நம் கிலாங்கில் (தொழிற்சாலையில்) ஓடுவது உள்ளூர் டெஸ்ட் மெஷின்தானே?

உள்ளூர் மெஷினில்தான் பலன் சீக்கிரம் தெரியும், தம்பி. டெஸ்ட் கார்டை லாட்டுக்கு லாட் கழற்றி மாட்டுகிறார்கள். பர்ன்-இன் அறையில் இரவு முழுக்க ஓட விடுகிறார்கள். அலுவலக லேப்டாப்பில் ஒருபோதும் வராத ரேஸ் நிலைமை (இரண்டு த்ரெட்கள் ஒரே தரவுக்கு முந்தும் தப்பு) அங்கே விடிகாலையில் வரும். வந்த பிறகு கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை லைன் நிற்கும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டைப் பாருங்கள். கூகுள் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே நினைவகம் சார்ந்த பாதுகாப்புக் குறைகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடு, 2024-இல் 24 விழுக்காடு. பழைய சி குறியீட்டைத் தூக்கி எறிந்து அது நடக்கவில்லை. புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றியதால் நடந்தது.

எழுதாத நிபந்தனைகளை எங்கே போய்த் தேடுவது?

ஹெடர் கோப்பில் ஃபங்ஷனுக்கு மேலே இருக்கும் குறிப்பு, அதன் சி செயலாக்கம், ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் நாலைந்து டிரைவர்கள், இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். குறிப்பு மட்டும் போதாது, பழையதாகியிருக்கும். செயலாக்கம் மட்டும் போதாது, இன்று தற்செயலாக வேலை செய்வது நாளை மாறலாம். மற்ற டிரைவர்கள் மட்டும் போதாது, எல்லோரும் ஒரே தப்பைக் காப்பியடித்திருக்கலாம்.

கிளாக் இடைமுகத்தை எடுத்துக்கொள்வோம். போர்டில் ஒரு பாகத்துக்குக் கடிகாரத் துடிப்பு கொடுக்கவும் நிறுத்தவும் உள்ள ஃபங்ஷன்கள் அவை. பார்க்க எளிது, உள்ளே போனால் பாடம் நிறைய.

'கிளாக் கெட்' ஒரு பாயிண்டரைத் தரும். பிழை வந்தால் பாயிண்டருக்குள்ளேயே பிழை எண் உட்கார்ந்திருக்கும். முகவரிகளின் கடைசி 4095 மதிப்புகளைக் கெர்னல் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஆகவே ரேப்பரின் முதல் வேலை அதைச் சோதித்து ரிசல்ட் டைப்பாக மாற்றுவது. சரி, நல் (null, வெற்றுப் பாயிண்டர்) வந்தால்? இங்கேதான் பலர் யோசிக்காமல் 'நல் இல்லாத பாயிண்டர்' டைப்பைப் போட்டுவிடுகிறார்கள். இந்த இடைமுகத்தில் நல் என்பது செல்லுபடியாகும் கிளாக்! ஒன்றும் செய்யாத பொம்மைக் கிளாக் என்று பொருள். கிளாக் இல்லாத போர்டிலும் அதே டிரைவர் ஓட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 'நல் இல்லாதது' என்று டைப்பில் எழுதினால் நீங்கள் கம்பைலரிடம் பொய் சொல்கிறீர்கள்.

அடுத்தது, 'பிரிப்பேர்' தூங்கலாம், 'எனேபிள்' தூங்காது. அதனால்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இண்டரப்ட் ஹேண்ட்லருக்குள் பின்னதை மட்டும்தான் கூப்பிடலாம். 'கெட் ரேட்' தரும் எண் எனேபிள் செய்த பிறகே செல்லும். 'புட்' (வாங்கிய கிளாக்கைத் திருப்பிக் கொடுப்பது) செய்வதற்கு முன் எத்தனை எனேபிளோ அத்தனை டிஸேபிள் நடந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் டைப்பில் எப்படிச் சொல்வது? 'வாங்கியது', 'தயாரானது', 'ஓடுவது' என்று மூன்று நிலைக்கு மூன்று டைப் வைக்கலாம். ஒவ்வொரு நிலைமாற்றமும் பழைய மதிப்பை விழுங்கிப் புதிய மதிப்பைத் தரும். வேகம் கேட்கும் மெத்தட் 'ஓடுவது' டைப்பில் மட்டும் இருக்கும். டிராப் ஆகும்போது பின்னோக்கி நடந்து எல்லாவற்றையும் அவிழ்க்கும். கணக்குத் தப்பாமல் டிஸேபிள் செய்ய வேண்டும் என்ற கவலையே டிரைவர்காரருக்கு இராது.

இதில் நினைவகப் பாதுகாப்பு எது, வசதி எது என்று பிரித்துப் பாருங்கள். கூடுதலாக ஒரு டிஸேபிள் கூப்பிட்டால் கெர்னல் எச்சரிக்கை அச்சிட்டுத் திரும்பிவிடும், நினைவகம் கெடாது. ஆகவே அந்தப் பகுதியை டைப்பில் சொல்லாவிட்டாலும் ரேப்பர் பாதுகாப்பானதே. பிழைப் பாயிண்டரைச் சோதிக்காமல் விடுவதும், 'புட்' ஆன பிறகு பயன்படுத்த விடுவதும்தான் உண்மையான ஓட்டைகள். நான் என்றால் இரண்டையும் செய்வேன். ஓடும்போது அதற்குச் செலவே இல்லை.

பைண்ட்ஜென் சில ஃபங்ஷன்களைக் கண்டுகொள்வதே இல்லையே?

அவை ஹெடருக்குள் இருக்கும் இன்லைன் ஃபங்ஷன்களாகவோ மேக்ரோக்களாகவோ இருக்கும். இணைப்பதற்கு அவற்றுக்குக் குறியீட்டுப் பெயர் கிடையாது. கெர்னல் மூல மரத்தில் ரஸ்ட் அடைவுக்குள் ஹெல்பர்ஸ் என்ற அடைவு இருக்கிறது. அங்கே ஒருவரிச் சி ஃபங்ஷன் எழுதி அதற்குள் மேக்ரோவைக் கூப்பிடுங்கள். மேக்ரோ செய்வதை ரஸ்ட்டில் கையால் மறுபடி எழுதாதீர்கள். நாளைக்கு சி பக்கம் மாறினால் உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

மியூட்டெக்ஸை ஏன் நகர்த்தக் கூடாது என்கிறார்கள்? சாதாரண ஸ்ட்ரக்ட்தானே?

அதன் உள்ளே காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது. கெர்னலின் பட்டியல் தலைப்பு காலியாக இருக்கும்போது அதன் முன் பாயிண்டரும் பின் பாயிண்டரும் தன்னுடைய முகவரியையே காட்டும். ரஸ்ட்டில் ஒரு மதிப்பை நகர்த்துவது என்றால் பைட்டுகளை அப்படியே வேறு இடத்துக்குப் பிரதி எடுப்பது. பிரதி எடுத்த பிறகும் அந்தப் பாயிண்டர்கள் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த த்ரெட் வந்து காத்திருப்பில் சேரும்போது, இப்போது வேறு யாருக்கோ சொந்தமான நினைவகத்தில் எழுதும்.

அதனால் மூன்று காரியம் தேவை. இருக்கப்போகும் இடத்திலேயே துவக்க வேண்டும். கெர்னலில் பின்-இனிட் நூலகம் இதற்குத்தான். துவக்கிய பிறகு 'பின்' டைப்பால் நகராமல் கட்ட வேண்டும். சி ஸ்ட்ரக்ட்டை 'ஒபேக்' என்ற உறைக்குள் வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது ஏன் என்று பலருக்கு விளங்குவதில்லை. ஒரு சாதாரண ரெஃபரன்ஸ் கையில் இருந்தால், அதன் பின்னால் உள்ளதை வேறு யாரும் மாற்ற மாட்டார்கள் என்று கம்பைலர் நம்பி வேலையைச் சுருக்கும். சி பக்கம் அதை எந்நேரமும் மாற்றும். ஒபேக் அந்த நம்பிக்கையை ரத்து செய்கிறது.

கார்டைப் பிடுங்கிவிட்டால்? டிரைவர் இன்னும் ரெஜிஸ்டரைத் தொட்டுக்கொண்டிருக்குமே?

நம் வட்டாரத்தில் இதுதான் முக்கியமான கேள்வி.

இரண்டு சம்பவங்களை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிசிஐ கார்டு உடலளவில் போய்விட்டது, ஆனால் மேப்பிங் இன்னும் இருக்கிறது. அப்போது ரெஜிஸ்டரைப் படித்தால் பொதுவாக எல்லா பிட்டும் 1 ஆக வரும். நினைவகம் கெடாது, பதில்தான் குப்பை. டிரைவர் அந்தக் குப்பையை நீளம் என்று நம்பி லூப் போட்டால் அது டிரைவரின் தப்பு. இரண்டாவது, கெர்னல் டிரைவரை கருவியிலிருந்து அவிழ்த்துவிட்டது, மேப்பிங்கும் போய்விட்டது, ஆனால் யூசர்ஸ்பேஸில் ஒரு நிரல் இன்னும் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. அது ஒரு 'ஐயாக்டில்' (ioctl, டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) கூப்பிடுகிறது. டிரைவர் பழைய முகவரியைத் தொடுகிறது. இங்கே கெர்னலே விழும், அல்லது அந்த முகவரி வேறு எதற்கோ போயிருந்தால் அதைவிடக் கேவலமான ஒன்று நடக்கும்.

இரண்டாவதைத் தடுப்பது ரேப்பரின் கடமை. ரஸ்ட் பக்கம் இதற்கு 'டெவ்ரெஸ்' என்ற டைப் இருக்கிறது. கருவியோடு கட்டப்பட்ட வளத்தை அதற்குள் வைக்கிறோம். கருவி அவிழும்போது கெர்னல் அதைச் செல்லாததாக்கும். எப்போது தொட வேண்டுமோ அப்போது 'அணுக முயல்' என்று கேட்க வேண்டும். உயிரோடு இருந்தால் ஒரு காவல் மதிப்பு (guard) கையில் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. காவல் மதிப்பு கையில் இருக்கும்வரை அழிப்பு காத்திருக்கும், உள்ளே ஆர்சியு (வாசிப்பவர்கள் முடிக்கும்வரை அழிப்பைத் தள்ளிவைக்கும் கெர்னல் முறை) அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் ஒரு விலை உண்டு. அந்தக் காவல் மதிப்பைப் பிடித்திருக்கும்போது நீங்கள் ஆர்சியு வாசிப்புப் பகுதிக்குள் இருக்கிறீர்கள், தூங்கக் கூடாது. அதற்குள் மியூட்டெக்ஸ் எடுப்பதோ, பயனரின் நினைவகத்துக்குப் பிரதி எடுப்பதோ தப்பு. ரெஜிஸ்டரிலிருந்து எண்ணை லோக்கல் மாறிக்கு எடுத்துக்கொண்டு, காவல் மதிப்பை விட்டுவிட்டு, அப்புறம் பிரதி எடுங்கள்.

புரோப் (டிரைவர் கருவியோடு கட்டப்படும்போது ஓடும் ஃபங்ஷன்) போன்ற இடங்களில் இவ்வளவு சோதனை வேண்டாம். கருவி கட்டுண்ட நிலையில்தான் இருக்கிறது என்று அங்கே உறுதியாகத் தெரியும். அதற்காகக் கருவி டைப்பிலேயே 'பவுண்ட்' என்ற நிலையைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த நிலையிலுள்ள ரெஃபரன்ஸைக் காட்டினால் டெவ்ரெஸ் சோதனை இல்லாமல் நேராகத் திறக்கும். ஓடும் நேரத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கம்பைல் நேரத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். கெர்னல் ரஸ்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான்.

ரெஜிஸ்டர் எல்லை தாண்டிப் படிப்பதை எப்படித் தடுப்பது?

பிசிஐ பார் பகுதியின் (கார்டின் ரெஜிஸ்டர்கள் தெரியும் முகவரிப் பகுதி) குறைந்தபட்ச அளவை டைப்பின் ஒரு பகுதியாகவே எழுதலாம். படிக்கும் இடத்தின் எண் (ஆஃப்செட்) நிலையானதாக இருந்தால் எல்லைச் சோதனை கட்டும்போதே முடிந்துவிடும், தாண்டினால் கட்டவே விடாது. ஓடும்போதுதான் தெரியும் எண் என்றால் 'முயல்' வகை மெத்தடைக் கூப்பிட்டுப் பிழையைக் கையாளுங்கள்.

டிஎம்ஏ நினைவகத்தை (சிபியு இல்லாமல் கார்டே நேராகப் படித்து எழுதும் நினைவகத்தை) ஒரு ஸ்லைஸாகத் தந்துவிடலாமா?

கூடாது. கார்டு எந்த நேரத்திலும் அதில் எழுதும். ஸ்லைஸ் என்பது 'இதை யாரும் மாற்ற மாட்டார்கள்' என்ற சத்தியம். கெர்னலின் டிஎம்ஏ ரேப்பர் புலம் புலமாக வாலட்டைல் முறையில் படிக்கவும் எழுதவும் மேக்ரோ தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, கார்டு எழுதிய பைட்டுகளை எந்த டைப்பாகவும் வாசித்துவிட முடியாது. பூலியன் டைப்பில் 0 அல்லது 1 தவிர வேறு எண் இருந்தாலே ரஸ்ட்டில் அது வரையறுக்கப்படாத நடத்தை. ஈனமும் (enum, குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்) அப்படியே. அதனால் 'எந்த பைட் வந்தாலும் செல்லும்' என்று உறுதி சொல்லும் டிரெய்ட் உள்ள டைப்களை மட்டும் அனுமதிக்க வேண்டும். எண்ணாக வாங்கிக்கொண்டு பிறகு ஈனமாக மாற்றுங்கள், தெரியாத எண் வந்தால் பிழை கொடுங்கள்.

பயனரின் நினைவகத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே இடத்தை இரண்டு முறை படித்தால் இரண்டு பதில் வரலாம். ஆகவே ஒருமுறை பிரதி எடுங்கள், பிரதியைச் சோதியுங்கள், பிரதியையே பயன்படுத்துங்கள்.

சி பக்கத்திலிருந்து திரும்பி வரும் கால்பேக்கை எப்படிக் கட்டுவது?

டிரைவர்காரர் ஒரு டிரெய்ட்டைச் செயல்படுத்துவார். ரேப்பர் அதற்கேற்ப ஃபங்ஷன் பாயிண்டர் அட்டவணையை உருவாக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் சி முறையில் கூப்பிடக்கூடிய ஒரு சின்ன இடைஃபங்ஷன் இருக்கும். சி தரும் வாய்ட் பாயிண்டரைச் சரியான டைப்புக்கு மாற்றி, டிரெய்ட் மெத்தடைக் கூப்பிட்டு, ரிசல்ட்டைப் பிழை எண்ணாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை.

வாய்ட் பாயிண்டர் சரியான டைப்தான் என்று எப்படி நம்புவது? அதை எழுதும் ஒரே கை ரேப்பராக இருந்தால் நம்பலாம். டிரைவர்காரரே அதை மாற்ற வழி விட்டால் போச்சு. வரிசையையும் பாருங்கள்: தரவை வைத்த பிறகுதான் பதிவு செய்ய வேண்டும், பதிவை நீக்கிய பிறகுதான் தரவை விடுவிக்க வேண்டும். பதிவு செய்த மறுகணமே வேறொரு சிபியுவில் கால்பேக் வரும் என்றே எண்ணி எழுதுங்கள்.

டிராப்பில் பதிவை நீக்கிவிடுகிறேன். அது போதாதா?

எப்போதும் போதாது. ஒரு மதிப்பை டிராப் செய்யாமலேயே 'மறந்துவிட' ரஸ்ட்டில் சேஃப் வழி இருக்கிறது. ஸ்டாக்கில் உள்ள ஒரு மாறியின் ரெஃபரன்ஸை சி பக்கம் கொடுத்து, 'டிராப் ஆகும்போது திரும்ப வாங்கிக்கொள்வேன்' என்று எழுதினால், பயனர் மறந்துவிட்ட நொடியில் சி பக்கம் காலியான ஸ்டாக்கைத் தொடும்.

இதற்கு நல்ல பதில் மேலே சொன்ன 'பின்' டைப். பின் செய்யப்பட்ட மதிப்புக்கு ஒரு கூடுதல் உறுதி உண்டு: டிராப் ஓடாமல் அதன் நினைவகம் வேறு எதற்கும் பயன்படாது. யாராவது மறந்தாலும் நினைவகம் கசியுமே தவிர, கையை விட்டுப் போகாது. அதனால் சி பக்கம் காட்டிக்கொண்டிருக்கும் எதையும் பின்னுக்குள் வையுங்கள்.

தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைக் கம்பைலர் பிடிக்குமா?

சாதாரணமாகப் பிடிக்காது. ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு மியூட்டெக்ஸ் எடுத்தால் ரஸ்ட் டைப்கள் ஒன்றும் சொல்லாது. கிளிண்ட் என்ற தனிக் கருவி இதைச் சோதிக்க உருவாக்கப்பட்டிருக்கிறது. அது கையில் இல்லாவிட்டாலும், சோதனைக் கெர்னலில் லாக்டெப் (லாக் வரிசைச் சோதனை), கேசான் (நினைவகப் பிழைச் சோதனை), அணுநிலைத் தூக்கச் சோதனை (தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிப்பது) மூன்றையும் திறந்து வைத்து ஓட்டுங்கள். நினைவகம் ஒதுக்கும்போது எந்தக் கொடி கொடுக்கிறோம் என்பதை ரேப்பர் மறைக்கக் கூடாது. டிரைவர்காரரே அதை எழுதட்டும், தூங்கலாமா கூடாதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

சேஃப்டி குறிப்பை எல்லோரும் சடங்காகத்தானே எழுதுகிறார்கள்? அதனால் என்ன ஆகப்போகிறது?

கெர்னலில் ஒவ்வொரு அன்சேஃப் தொகுதிக்கு மேலும் 'சேஃப்டி' என்று தொடங்கும் குறிப்பு வேண்டும். 'இந்தப் பாயிண்டர் செல்லும்' என்று எழுதிவிட்டுப் போவது வீண். ஏன் செல்லும், யார் உறுதி சொன்னது, எதுவரை என்று அதில் இருக்க வேண்டும்.

உண்மைச் சம்பவம் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டின் பைண்டர் டிரைவர் (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) ரஸ்ட்டில் எழுதப்பட்டு 6.18 கெர்னலில் சேர்ந்தது. 2025 டிசம்பரில் அதிலிருந்த ஒரு குறைக்கு சிவிஇ-2025-68260 என்ற எண் (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொதுப் பதிவெண்) வழங்கப்பட்டது. கெர்னலின் ரஸ்ட் குறியீட்டுக்கு வழங்கப்பட்ட முதல் சிவிஇ அதுதான். குறை இருந்தது ஓர் அன்சேஃப் வரியில். பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் வரி. மேலே குறிப்பும் இருந்தது. சாரம் இது: 'இந்த உறுப்பு தன் சொந்தக்காரரின் பட்டியலில் மட்டும்தான் சேர்க்கப்படும், ஆகவே ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கும், இல்லையேல் எதிலும் இருக்காது.'

படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அதே கோப்பில் இன்னொரு ஃபங்ஷன் லாக்கை எடுத்து, பட்டியல் முழுவதையும் ஸ்டாக்கில் உள்ள ஒரு தற்காலிகப் பட்டியலுக்கு மாற்றி, லாக்கை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. அந்த இடைவெளியில் உறுப்பு மூன்றாவது இடத்தில் இருக்கிறது: தற்காலிகப் பட்டியலில். அதே சமயம் வேறு த்ரெட் நீக்கும் வரியை ஓட்டினால், லாக் இல்லாமல் இருவரும் ஒரே முன்-பின் பாயிண்டர்களில் எழுதுகிறார்கள். திருத்தமாக, தற்காலிகப் பட்டியலை எடுத்துவிட்டு, மூலப் பட்டியலிலிருந்தே லாக்கோடு ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

இதைக் காட்டி 'பார், ரஸ்ட்டும் பயன் இல்லை' என்கிறவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். காரணம் ஒரு வாக்கியமாகக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அது எந்த இடத்தில் பொய்யாகிறது என்று தேடினால் போதும். சியில் இருந்திருந்தால் அந்த வாக்கியம் எழுதியவரின் தலைக்குள் மட்டும் இருந்திருக்கும். ரிவியூ செய்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: சேஃப்டி குறிப்பைப் படித்தால், அந்த அன்சேஃப் வரியோடு நிற்காதீர்கள். அது நம்பியிருக்கும் புலங்களைத் தொடும் எல்லாக் குறியீட்டையும், சேஃப் குறியீடு உட்பட, தேடிப் படியுங்கள். இங்கே உறுதியை உடைத்த ஃபங்ஷன் தள்ளி இருந்தது.

எங்கள் குழு சியை விடாது. எங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. 6.5 கெர்னலிலிருந்து சியிலேயே காவல் (guard) மேக்ரோக்கள் வந்திருக்கின்றன. ஸ்கோப் முடிந்தால் லாக் தானே விடுபடும், ஒதுக்கிய நினைவகம் தானே விடுபடும். டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் (கருவி அவிழும்போது வளத்தைத் தானே விடுவிப்பவை) ரொம்ப நாளாகவே உள்ளன. பயனர் பாயிண்டர், ஐஓ பாயிண்டர் அடையாளங்களை ஸ்பார்ஸ் கருவி சோதிக்கும். இவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பிழைப்பாதையில் வரும் கசிவுகள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் விடுவித்த பிறகு தொடுவதைச் சி கம்பைலர் தடுக்காது.

வெண்டர் கொடுத்த பழைய கெர்னலில் இது ஓடுமா?

ரஸ்ட் ஆதரவு 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் சேர்ந்தது, ஆனால் அதில் ஒன்றிரண்டு அச்சிடும் வசதிகளுக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. பிசிஐ, பிளாட்ஃபார்ம் டிரைவர் ரேப்பர்கள் 2025 மார்ச்சில் வந்த 6.14-இல் தான் சேர்ந்தன. ஆகவே 5.15-இல் நிற்கும் போர்டுக்கு இது கிடையாது. புதிய திட்டம் தொடங்குகிறீர்கள் என்றால் 6.18 நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு, அதைக் கேளுங்கள். 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கெர்னல் பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனிச் சோதனை முயற்சி அல்ல என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கெர்னல் மூல மரத்துக்கு வெளியே டிரைவர் வைத்திருந்தால், ஒவ்வொரு பதிப்பிலும் ரஸ்ட் பக்க இடைமுகங்கள் மாறும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். ரஸ்ட் குறியீட்டுப் பெயர்கள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் என்பதையும் உங்கள் மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் யாருக்கும் நல்லதல்ல.

நான் எழுதிய ரேப்பரை மட்டும் தனியாக அப்ஸ்ட்ரீமுக்கு (பொதுக் கெர்னல் மூலத்துக்கு) அனுப்பலாமா?

அதைப் பயன்படுத்தும் டிரைவர் ஒன்றும் கூடவே வர வேண்டும், அல்லது வருகிறது என்று காட்ட வேண்டும். பயனர் இல்லாத ரேப்பரைச் சேர்ப்பதில்லை. அந்தத் துணையமைப்பின் சி பராமரிப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எழுதாத நிபந்தனைகள் பல அவருக்குத்தான் தெரியும்.

நிபோங் தெபாலில் படிக்கிறேன், கையில் போர்டு இல்லை. எங்கே தொடங்குவது?

போர்டு வேண்டாம், லேப்டாப் போதும். கெர்னல் மூலத்தை எடுத்து, எல்எல்விஎம் கொண்டு கட்டும் முறையில் 'ரஸ்ட் அவைலபிள்' இலக்கை ஓட்டுங்கள். உங்களிடம் என்ன குறைகிறது என்று அதுவே சொல்லும். சாம்பிள்ஸ் அடைவில் ரஸ்ட் என்ற உள்ளடைவில் ஒரு பிசிஐ மாதிரி டிரைவர் இருக்கிறது. அது கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் 'பிசிஐ-டெஸ்ட்டெவ்' என்ற பொம்மைக் கருவியோடு பேசும். கியூஎமு கட்டளையில் அந்தக் கருவியைச் சேர்த்து ஓட்டினால், புரோப் நடப்பதும் ரெஜிஸ்டர் படிப்பதும் கெர்னல் பதிவில் தெரியும்.

ஓடியதும் உடைத்துப் பாருங்கள். பார் அளவைத் தாண்டி ஒரு நிலையான எண்ணில் படிக்கச் சொல்லுங்கள், கட்டவே மறுக்கும். மெஷின் ஓடும்போதே கருவியை டிரைவரிலிருந்து அவிழ்த்துப் பாருங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் டிரைவரின் அடைவில் 'அன்பைண்ட்' கோப்பில் கருவியின் முகவரியை எழுதினால் போதும். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த சிறிய சி இடைமுகம் ஒன்றை எடுத்து, அதற்கு ரேப்பர் எழுதி, ஆவணக் குறிப்பில் ஓர் உதாரணமும் சேருங்கள். கெர்னல் அந்த உதாரணத்தை எடுத்துத் தானாகவே கேயூனிட் சோதனையாக ஓட்டும். அது பச்சையாக வந்ததும் அன்சேஃப் வரிகளையும் சேஃப்டி குறிப்புகளையும் மட்டும் வெட்டி எடுத்து யாரிடமாவது காட்டுங்கள். குறிப்பைத் தமிழிலேயே வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கேதான் ஏதோ ஒரு நிபந்தனை விட்டுப்போயிருக்கும். கோப்பில் எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.